தனி உழைப்பும் கூட்டு உரிமையும்: அமெரிக்காவில் குடியேறிய பெண்களின் கூட்டுறவுத் தொழில்கள்

ஒரு தொழிலைச் செம்மையாகச் செய்யத் தெரிந்திருப்பது ஒருவகை ஆற்றல். அத்தொழிலுக்குரிய விலையைத் தாமே முடிவு செய்யும் நிலையில் இருப்பது மற்றொரு வகை ஆற்றல். முன்னது கைப்பழக்கத்தால் வருவது. பின்னது பலர் ஒன்றுசேர்வதால் வருவது. பட்டைக்குக் காயம் நேராமல் மரம் சீவவும், மங்கில் வடிந்த பாலை ஒரு சொட்டும் சிந்தாமல் வாளியில் சேர்க்கவும் அறிந்த நம் தோட்டப் பாட்டாளிகளுக்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. மரத்தோடு நிற்பவர் ஒருவர். பாலை நிறுப்பவர் வேறொருவர். விலையை முடிவு செய்யும் சந்தையோ எங்கோ தொலைவில் இருக்கின்றது.

கடல் கடந்த ஒரு நாட்டில், இரப்பர் மரத்தையே கண்டிராத பெண்கள் பலர் இதே நிலையை வேறொரு தொழிலில் சந்தித்தனர். பிழைப்பைத் தேடி அமெரிக்க நாட்டில் குடியேறி, பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும், முதியோரைப் பராமரித்தும் வாழ்ந்த பெண்கள் அவர்கள். தனித்தனியே உழைத்த அவர்களுள் சிலர், கூட்டுறவு என்னும் வழியைக் கைக்கொண்டு தங்கள் தொழிலுக்குத் தாங்களே உரிமையாளர் ஆயினர். அவர்கள் அமைத்துக்கொண்ட முறைகள் யாவை, அவற்றில் பணம் எவ்வாறு சுழன்றது, எங்கே வெற்றி கண்டனர், எங்கே இடறினர் என்பவற்றை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

பெயரளவில் சுயதொழில்

மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், எக்குவடோர் முதலிய நாடுகளிலிருந்து கலிபோர்னியாவுக்கும் நியூயார்க்குக்கும் வந்த பெண்கள் பலர் வீட்டுத் துப்புரவுத் தொழிலில் இறங்கினர். ஆங்கிலம் தெரியாமை, கையில் முதல் இல்லாமை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நேரத்தோடு வீடு திரும்ப வேண்டிய தேவை, குடியேற்ற ஆவணங்களில் உள்ள சிக்கல் ஆகியவை அவர்களை அத்தொழிலை நோக்கித் தள்ளின. துடைப்பமும் வாளியும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்று தோன்றும் தொழில் அது.

ஏட்டளவில் அவர்கள் சுயதொழில் செய்வோர். உண்மையில் அவர்களுக்குத் தொழிலாளிக்குரிய பாதுகாப்பும் இல்லை. முதலாளிக்குரிய அதிகாரமும் இல்லை. வேலை முடிந்தபின் பேசிய கூலியைக் குறைத்துக் கொடுக்கும் வீட்டுக்காரரிடம் வாதிட மொழி துணைபுரியாது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருவாய் இல்லை; மறுவாரம் அந்த வீடே கைநழுவிப் போகலாம். நெடி மிகுந்த துப்புரவுத் திரவங்களை மூடிய குளியலறைகளில் நாள்தோறும் கையாள்வதால் மூச்சுத் திணறலும் தோல் எரிச்சலும் வந்து சேரும். எல்லாவற்றிற்கும் மேலாக, தோட்டத்தில் பிரட்டுக்களத்தில் நூறுபேர் கூடுவதுபோல் அவர்கள் கூடுவதற்கு ஓர் இடமே கிடையாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் தனித்தே உழைத்தனர்.

சட்டமும் நெடுங்காலம் அவர்களைப் புறத்தே நிறுத்தியிருந்தது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிசெய்த 1935ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், வீட்டுப் பணியாளரையும் வயல் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. குறைந்த அளவு ஊதியம் பற்றிய 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு, வீட்டுப் பணியாளர்களுக்கு 1974இல்தான் நீட்டிக்கப்பட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி உரிமைச் சட்டத்தை அந்நாட்டில் முதன்முதலாக இயற்றியது நியூயார்க் மாநிலம்; அதுவும் 2010இல்தான்.

தனியாக வீடு தேட இயலாதோர் இடைத்தரகு நிறுவனங்களை நாடினர். வேலையைத் தேடித்தந்த நிறுவனம், வீட்டுக்காரர் கொடுக்கும் தொகையில் பெரும் பங்கைத் தானே எடுத்துக்கொண்டது. விலை என்ன என்பதும், அதில் தம் பங்கு எவ்வளவு என்பதும் வேலை செய்தவருக்குத் தெரியாமலே போனதுண்டு. இந்த இடத்தில்தான் கூட்டுறவு என்னும் எண்ணம் வேரூன்றியது.

கூட்டுறவின் அடிப்படை

இன்று நாம் அறிந்த கூட்டுறவு முறைக்கு வழிகாட்டியது, இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து 1844இல் தொடங்கிய சிறு கடையாகும். அவர்களுள் நெசவாளர்கள் பலர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி ஆகிய சில பண்டங்களோடுதான் அக்கடை திறக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் வகுத்த நெறிகள் உலகெங்கும் பரவின. பங்குத்தொகை எவ்வளவாயினும் உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கே உண்டு; கிடைக்கும் உபரி, உறுப்பினர் அந்நிறுவனத்தோடு கொண்ட தொழில் அளவுக்கு ஏற்பப் பகிரப்படும்; கணக்கு அனைவருக்கும் திறந்திருக்கும். இம்மூன்றும் அவற்றுள் தலையாயவை.

தொழிற்சங்கத்திற்கும் கூட்டுறவுக்கும் உள்ள வேறுபாட்டையும் நாம் தெளிவாக உணர வேண்டும். முதலாளியிடம் பேசி நியாயமான கூலியைப் பெறுவது சங்கத்தின் பணி. முதலாளியின் இடத்தில் உழைப்பவரே அமர்வது கூட்டுறவின் பணி. சீட்டுப் பிடிப்பதும் கூட்டுறவும் ஒன்றல்ல. சீட்டில் கடைசி ஆள் பணம் எடுத்ததும் கூட்டம் கலைந்துவிடும்; நடத்துபவர் ஓடிவிட்டால் முதலும் போய்விடும். சீட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை நம் நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பதற்கு இத்தகைய இழப்புகளே காரணம். கூட்டுறவிலோ பணம் சட்டப்படி பதிவுபெற்ற ஓர் அமைப்பில் நிலையாகத் தங்குகிறது. அதைக்கொண்டு தொழில் வளர்கிறது.

இது தோட்டப் பாட்டாளிகளுக்குப் புதிய செய்தியன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, சிறிய ஊதியத்திலிருந்து பத்து வெள்ளியைத் தருமாறு தொழிலாளர்களை அவர் கேட்டுக்கொண்டார். அவ்வாறு திரண்ட பணத்தைக் கொண்டு சங்கம் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது; பின்னர் வேறு பல தோட்டங்களையும் வாங்கியது. மரம் சீவியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர் ஆயினர். வீடு துடைத்த பெண்கள் துப்புரவு நிறுவனத்தின் உரிமையாளர் ஆன வரலாற்றையும் இந்த நினைவோடு படித்தால் எளிதில் விளங்கும்.

முதல் முறை: வருவாய் தனி, வாசல் பொது

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சன்செட் பார்க் என்னும் வட்டாரம் உள்ளது. அங்கே குடும்ப நலப்பணி ஆற்றிவந்த ஒரு நிலையத்தின் துணையுடன், 2006இல் குடியேறிய பெண்கள் சிலர் துப்புரவுக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினர். அதற்கு 'சீ சே புவேதே' என்று ஸ்பானிய மொழியில் பெயரிட்டனர். 'நம்மால் முடியும்' என்பது அதன் பொருள். 1972இல் அரிசோனா மாநிலத்தில் வயல் தொழிலாளர் உரிமைப் போராட்டத்தின்போது எழுந்த முழக்கம் அது. மண்ணில் உழைத்தோரின் முழக்கத்தை வீட்டில் உழைத்தோர் தமது பெயராக ஏற்றுக்கொண்டனர்.

இம்முறையில் ஒவ்வொரு பெண்ணும் தான் செய்யும் வேலைக்கான கூலியை முழுமையாகத் தானே வைத்துக்கொள்கிறாள். அதிலிருந்து எவரும் பங்கு பிடிப்பதில்லை. அதற்கு மாறாக, எல்லா உறுப்பினரும் மாதந்தோறும் ஒரு சந்தா செலுத்துகின்றனர். அச்சந்தா, பொதுத் தொலைபேசிக்கும் விளம்பரத்திற்கும் அலுவலகச் செலவுக்கும் பயன்படுகிறது. வேலை கேட்டு வரும் அழைப்புகள் ஓரிடத்தில் பதிவாகின்றன. வேலைகள் முறைவைத்துப் பங்கிடப்படுகின்றன. கூலி விகிதம் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யப்படுகிறது.

சுருங்கச் சொன்னால், வருவாய் தனி. வாடிக்கையாளர் நுழையும் வாசல் மட்டும் பொது. இம்முறையின் நன்மை எளிமை. பெரும் முதல் தேவையில்லை, கணக்கும் சிக்கலற்றது. மிக முக்கியமான பயன், உறுப்பினர் ஒருவரை ஒருவர் விலையில் வெட்டிக்கொள்வது நின்றுபோவதாகும். பக்கத்து வீட்டுப் பெண் குறைந்த கூலிக்கு வருகிறாள் என்று சொல்லி ஒருத்தியின் கூலியைக் குறைக்க வீட்டுக்காரரால் இயலாது. இருவரும் ஒரே விலைப்பட்டியலைக் காட்டுவர்.

இதன் குறையும் உண்டு. வருவாய் தனியாக இருப்பதால், நோய்வாய்ப்பட்டவளுக்கு உதவும் பொதுநிதி தானாகச் சேர்வதில்லை. சந்தாவை உயர்த்தினால்தான் சேரும். உயர்த்தினால் வேலை குறைவாகக் கிடைத்தவர்களுக்கு அது சுமையாகும்.

இரண்டாம் முறை: வருவாயும் பொது, நிறுவனமும் பொது

கலிபோர்னியாவில் 1995இல், வருவாய் குறைந்த குடியேறிய பெண்களுக்குக் கூட்டுறவுத் தொழில்களை அமைத்துத் தருவதற்காக ஓர் அமைப்பு தோன்றியது. பெண்கள் பொருளாதாரப் பாதுகாப்புப் பெறச் செயற்படுதல் என்னும் பொருள்பட அதன் பெயர் அமைந்திருந்தது. பிற்காலத்தில் அது 'புரோஸ்பெரா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் தொடக்க கால முயற்சிகள் எல்லாம் நிலைக்கவில்லை. விழாக்களுக்கான பொருள்களை விற்கும் கடை முதலிய சிறு முயற்சிகள் மூடப்பட்டன. நல்ல எண்ணமும் ஒற்றுமையும் இருந்தபோதிலும், வாங்குவோர் போதாத தொழில் நிலைக்காது என்ற பாடத்தை அவை கற்பித்தன.

அப்பாடத்தின் பயனாக 1999இல் ரெட்வுட் சிட்டி நகரில் 'எம்மாஸ் இக்கோ கிளீன்' என்னும் துப்புரவுக் கூட்டுறவு எழுந்தது. நச்சுத்தன்மை கொண்ட திரவங்களைத் தவிர்த்து, உடலுக்கும் சுற்றுப்புறத்திற்கும் தீங்கு செய்யாத பொருள்களை மட்டுமே பயன்படுத்துவது என்று அப்பெண்கள் முடிவு செய்தனர். இம்முடிவில் இரு நன்மைகள் ஒருங்கே கிட்டின. தங்கள் மூச்சையும் தோலையும் காத்துக்கொண்டனர். அத்தகைய துப்புரவை விரும்பிக் கூடுதல் விலை கொடுக்க முன்வந்த குடும்பங்களும் அவ்வட்டாரத்தில் இருந்தன. தொழிலாளியின் உடல்நலம் தொழிலின் விற்பனைச் சிறப்பாகவும் ஆயிற்று. இதே அமைப்பின் துணையுடன் 2003இல் ஓக்லண்ட் நகரிலும் ஒரு துப்புரவுக் கூட்டுறவு தொடங்கியது.

இந்த இரண்டாம் முறையில் வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் முதலில் கூட்டுறவின் பெட்டிக்குச் செல்கிறது. அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் வேலைநேரத்திற்கேற்ப ஊதியம் வழங்கப்படுகிறது. பொருள்கள், காப்புறுதி, அலுவலகம் ஆகியவற்றின் செலவு கழிக்கப்படுகிறது. ஆண்டு முடிவில் உபரி நின்றால், ஒரு பகுதி தொழில் வளர்ச்சிக்கு ஒதுக்கப்பட்டு, எஞ்சியது உறுப்பினர்களிடையே பகிரப்படுகிறது. ஆங்கிலம் அறிந்த மேலாளர் ஒருவரைக் கூட்டுறவே பணியில் அமர்த்துகிறது. அவர் வாடிக்கையாளரிடம் பேசுவார். ஆனால் அவருக்கு ஆணையிடுவது உறுப்பினர் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவேயாகும். பகலில் தரை துடைக்கும் கை, மாலையில் மேலாளரின் கணக்கைத் தணிக்கை செய்யும் கையாகவும் இருக்கிறது.

இம்முறைக்கு முதல் தேவை. பயிற்சி அதைவிடத் தேவை. கணக்குப் படிக்கத் தெரியாத உறுப்பினரிடம் கணக்கைத் திறந்து காட்டுவதால் பயன் ஒன்றுமில்லை. ஆகவே தொழில் தொடங்குமுன் நெடுநாள் வகுப்புகள் நடத்தப்பட்டன. கூட்டம் நடத்துவது, தீர்மானம் எழுதுவது, வரவு செலவு படிப்பது, கருத்து வேறுபாட்டைச் சண்டையாக்காமல் தீர்ப்பது ஆகியவை பாடங்களாயின.

மூன்றாம் முறை: பெரிய நிறுவனம், சிறிய பங்கு

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 1985இல், முதியோரையும் நோயுற்றோரையும் வீட்டிலேயே பராமரிக்கும் 12 பணியாளர்களுடன் ஒரு கூட்டுறவு தொடங்கியது. அது 'கோஆப்பரேட்டிவ் ஹோம் கேர் அசோசியேட்ஸ்' ஆகும். ஸ்பானிய மொழி பேசும் பெண்களும் கறுப்பினப் பெண்களும் அதில் பெரும்பான்மையினர். வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் பலர். 2010களில் அதன் பணியாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 2,000ஐ எட்டியது. அமெரிக்காவில் உழைப்போர் உரிமை கொண்ட கூட்டுறவுகளுள் அதுவே மிகப் பெரியதாகக் கருதப்பட்டது.

இங்கே பணியாற்றுவோர் சுயதொழில் செய்வோர் அல்லர். ஊதியம் பெறுவோரே. ஆயினும் பங்கு திரட்டிய முறை நமது கவனத்திற்குரியது. ஒரு பங்கின் மதிப்பு 1,000 டாலர். ஏழைப் பணியாளர் ஒருவரால் அத்தொகையை ஒருசேரக் கட்ட முடியாது. ஆகவே முதலில் 50 டாலர் செலுத்தினால் போதும். எஞ்சிய தொகை ஊதியத்திலிருந்து சிறிது சிறிதாகக் கழிக்கப்பட்டது. முதல் தவணையோடு உறுப்பினர் உரிமையும் தொடங்கியது. நிலநிதிச் சங்கத்தில் சேர்ந்த நம் மூத்தோருக்கு இம்முறை நன்கு பழகியதே. எவ்வளவு பெரிய பங்கு என்பதைவிட, எத்தனை சிறிய தவணையில் அதை அடையலாம் என்பதே ஏழைக்குக் கதவைத் திறக்கிறது.

கூட்டுறவுகளின் கூட்டுறவு

பின்னர் கைப்பேசிச் செயலிகளின் காலம் வந்தது. வீடு துடைக்கவும் ஆள் தேடித் தரும் நிறுவனங்கள் பெருகின. பழைய இடைத்தரகர் ஒரு சிறு அலுவலகத்தில் அமர்ந்திருந்தார். புதிய இடைத்தரகர் கைப்பேசிக்குள் குடிபுகுந்தார். அவர் பிடித்துக்கொண்ட பங்கும் சிறியதன்று.

இதற்கு விடையாக நியூயார்க்கில் சில துப்புரவுக் கூட்டுறவுகள் சேர்ந்து, 2017இல் 'அப் அண்டு கோ' என்னும் சொந்தச் செயலியைத் தொடங்கின. செயலியின் உரிமை, அதன் வழியே வேலை பெறும் பெண்களின் கூட்டுறவுகளுக்கே உரியதாயிற்று. வாடிக்கையாளர் 100 டாலர் கொடுத்தால் 95 டாலர் வேலை செய்தவர் பக்கம் செல்லும். 5 டாலர் மட்டுமே செயலியைப் பராமரிக்க நிற்கும் என்று வகுத்துக்கொண்டனர். அச்செயலியை உருவாக்க அறநிதியும் வங்கி நிதியும் உதவின என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெண்கள் தம் சேமிப்பால் மட்டும் அதைச் செய்திருக்க இயலாது.

அரசின் கைகொடுப்பும் இதில் பங்கு வகித்தது. உழைப்போர் கூட்டுறவுகளை வளர்ப்பதற்கென்றே நியூயார்க் நகரமன்றம் 2014இல் 12 லட்சம் டாலரை ஒதுக்கியது. பயிற்சியும் சட்ட ஆலோசனையும் கணக்கு உதவியும் பெற அந்நிதி துணைபுரிந்தது.

உரிமையாளர் என்பதன் சட்டப் பொருள்

குடியேறிய பெண்கள் கூட்டுறவை நாடியதற்குச் சட்டத்தைச் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. 1986ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், ஒருவரை வேலைக்கு அமர்த்தும் முதலாளி அவருடைய ஆவணங்களைச் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. அச்சட்டம் முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றியது. தாமே உரிமை கொண்ட நிறுவனத்தில் பங்காளராக உழைப்பவர், வழக்கமான பொருளில் வேலையாள் அல்லர். ஆகவே பல கூட்டுறவுகள் வரையறுத்த பொறுப்புடைய பங்காளர் நிறுவனங்களாகப் பதிவு செய்யப்பட்டன. உறுப்பினர் பெறுவது நிறுவன வருவாயில் அவரது பங்கு என்று கணக்கிடப்பட்டது. 1996 முதல் வழங்கப்பட்டுவரும் தனிநபர் வரி எண்ணைக் கொண்டு அவர்கள் வருமான வரியும் செலுத்த முடிந்தது.

ஆனால் பத்திரத்தில் 'உரிமையாளர்' என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. அவர் கூட்டத்தில் வாக்களிக்க வேண்டும்; இலாபத்திலும் நட்டத்திலும் பங்கு கொள்ள வேண்டும்; தம் வேலையை நடத்தும் முறையில் உண்மையான அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய முதலாளியே ஆட்சி செய்தால், சட்டத்தின் கண்ணில் அது கூட்டுறவாகாது; உறுப்பினரின் வாழ்விலும் மாற்றம் நேராது. அன்றியும், கூட்டுறவு ஒருவரின் குடியேற்ற நிலையை மாற்றித் தருவதில்லை. அந்த அச்சம் பல பெண்களின் தலைக்குமேல் தொடர்ந்து தொங்கிக்கொண்டே இருந்தது.

இடறிய இடங்கள்

கூட்டுறவு ஒரு மந்திரக்கோல் அன்று. அதன் இடர்களையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, காலம். நாள் முழுவதும் உழைத்துக் களைத்த பெண்கள் மாலையில் கூட்டத்திற்கு வர வேண்டும். அந்நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது? கூட்டம் நடக்கும் இடத்திலேயே குழந்தைகளைக் கவனிக்க ஏற்பாடு செய்தாலன்றித் தாய்மார் தொடர்ந்து வருவது அரிது.

இரண்டாவது, பொறுமை. முதலிரண்டு ஆண்டுகளில் வாடிக்கையாளர் குறைவு, ஊதியமும் குறைவு. நாளைய உபரியைக் காட்டி இன்றைய அரிசியை வாங்க முடியாது. ஆகவே பலர் பழைய வீடுகளை விடாமல், கூட்டுறவு வேலையையும் சேர்த்துச் செய்தனர்.

மூன்றாவது, ஒழுங்கு. ஒருத்தி வேலைக்குத் தாமதமாகச் சென்றால் கெடுவது அனைவரின் பெயரும் ஆகும். முதலாளி கண்டித்தால் பொறுத்துக்கொள்ளும் மனம், தோழி கண்டித்தால் புண்படுகிறது. இதனால் உடைந்த நட்புகள் உண்டு. எத்தனை முறை தவறினால் என்ன நடவடிக்கை என்பதைத் தவறு நேருமுன்பே எழுதிவைத்த கூட்டுறவுகளே இந்தச் சோதனையைத் தாண்டின.

நான்காவது இடரே மிகவும் நுண்ணியது. தொழில் வளர்ந்து வேலை மிகுந்தபோது, புதிய பெண்களை உறுப்பினராகச் சேர்க்காமல் கூலிக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளும் ஆசை எழும். அவ்வாறு செய்தால் உபரியைப் பங்கிடும் ஆட்கள் குறைவர். ஆனால் அன்றே அந்தக் கூட்டுறவு கூட்டுறவாக இருப்பதை விட்டுவிடுகிறது. நேற்றுவரை கூலிக்காரியாய் இருந்தவள் இன்று மற்றொரு கூலிக்காரியின் முதலாளி ஆகிறாள். பழைய அநீதி புது ஆடை உடுத்தி வருகிறது. தேர்வுக்காலம் முடிந்ததும் புதியவருக்கும் பங்கும் வாக்கும் தரவேண்டும் என்ற விதியே இதற்குரிய மருந்து.

நமக்குரிய பாடம்

நம் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும், கைத்தொழில் அறிந்த பெண்கள் நிறைய இருக்கின்றனர். விடியலில் மரம் சீவிவிட்டுப் பிற்பகலில் தையல் இயந்திரத்தின் முன் அமர்வோர் உண்டு. முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்போர், பூ தொடுப்போர், திருவிழாவுக்குச் சமைத்துக் கொடுப்போர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோர் உண்டு. ஒரே லயத்தில் நால்வர் முறுக்குச் சுட்டு, நால்வரும் ஒருவரை ஒருவர் விலையில் வெட்டிக்கொள்வதையும் நாம் காண்கிறோம். மாவையும் எண்ணெயையும் நால்வரும் நான்கு கடைகளில் சில்லறை விலைக்கு வாங்குகின்றனர். உழைப்பு நால்வருடையது, இலாபமோ கடைக்காரருக்கும் இடைத்தரகருக்கும் போகிறது.

கூட்டுறவு நம் நாட்டில் நூறாண்டு வரலாறு கொண்டது. 1922இல் முதல் கூட்டுறவுச் சட்டம் இங்கே இயற்றப்பட்டது. இன்று 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 2008இல் அமைந்த மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையமே சங்கங்களைப் பதிவு செய்து மேற்பார்வையிடுகிறது. 18 வயது நிறைந்த மலேசியக் குடிமக்கள் உறுப்பினராகலாம். சங்கம் அமைக்க எண்ணுவோர் முதலில் ஆணையத்தின் மாநில அலுவலகத்தை அணுகி, தேவையான உறுப்பினர் எண்ணிக்கையையும் விதிகளையும் கேட்டறிந்துகொள்வது நலம்.

ஆனால் பதிவுக்கு முன்னரே செய்யத்தக்க பணிகள் சில உள்ளன. அமெரிக்கப் பெண்களின் அனுபவம் இவற்றையே நமக்குச் சுட்டுகிறது. வாங்குவோர் உறுதியாக உள்ள தொழில் எது என்று முதலில் விசாரித்தறிய வேண்டும். நமக்குப் பிடித்த தொழில் என்பது மட்டும் போதாது. மூலப்பொருளைச் சேர்ந்து வாங்கிப் பழக வேண்டும். அனைவருக்கும் ஒரே விலைப்பட்டியல் எழுதி, அதனை எவரும் மீறாமல் ஆறு மாதம் கடைப்பிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் வரவு செலவை எல்லாரும் கேட்க உரக்கப் படிக்க வேண்டும். கணக்கு எழுதும் பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடாமல் முறைவைத்து மாற வேண்டும். கூட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க ஓர் அம்மாவை அமர்த்த வேண்டும். வீட்டு ஆடவர் அப்பொறுப்பை ஏற்றால் இன்னும் சிறப்பு. இவற்றை ஆறு மாதம் செய்து நிலைத்த குழுவே சங்கமாகப் பதிவு பெறத் தகுதி உடையது. இவற்றில் இடறும் குழு, பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டினாலும் நிலைக்காது.

எந்த முறையைத் தேர்வது என்பது தொழிலைப் பொறுத்தது. தையலைப் போல ஒவ்வொருவரும் தனித்துச் செய்யும் தொழிலுக்கு, வருவாய் தனியாகவும் வாடிக்கையாளர் வாசல் பொதுவாகவும் உள்ள முதல் முறை பொருந்தும். பெரிய சமையலைப் போலப் பலர் ஒரே அடுப்படியில் சேர்ந்து செய்யும் தொழிலுக்கு இரண்டாம் முறை பொருந்தும். எம்முறையாயினும் பங்குத்தொகை, மிக ஏழையான உறுப்பினரும் தவணையில் கட்டக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.

மொழி தெரியாத ஊரில், உற்றார் இல்லாத நிலையில், ஆவணத்தைப் பற்றிய அச்சத்தோடு வாழ்ந்த பெண்கள் இதைச் செய்து காட்டினர். நமக்கோ ஒரே மொழி உண்டு. தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டாராய் வாழ்ந்த பழக்கம் உண்டு. பத்துப் பத்து வெள்ளியாய்ச் சேர்த்துத் தோட்டமே வாங்கிய முன்னோரின் எடுத்துக்காட்டும் உண்டு. தனி மரம் தோப்பாகாது என்பது நாம் அறிந்த பழமொழி. தோப்பு ஆவதற்கு மரங்கள் அருகருகே நிற்பது மட்டும் போதாது. நட்டவர் கணக்கு வைத்து, களை எடுத்து, காத்திருக்கவும் வேண்டும். அந்தப் பொறுமை இரப்பர்க் கன்று நட்டுப் பால் வடியும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்த நம் மக்களிடம் நிறையவே உள்ளது. அதனைத் தம் சொந்தத் தொழிலுக்கும் அவர்கள் பயன்படுத்துவார்களாக.